சுவரில் பூஞ்சணம்: நாம் சோதிக்க வேண்டியது எதை?

கடந்த நவம்பரில் ஒரு நாள், இரவு இரண்டு மணி இருக்கும். தம்பி இருமும் சத்தம் கேட்டு விழித்தேன். அவன் படுக்கையில் உட்கார்ந்தபடி இருட்டில் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தான். அந்த மாதத்தில் அது நான்காவது முறை. விளக்கைப் போட்டபோதுதான் அவன் தலைமாட்டுச் சுவரைக் கவனித்தேன். கூரையை ஒட்டிய மூலையில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். இரண்டு ஏ4 தாள்களைச் சேர்த்து வைத்த அளவுக்குப் பரவியிருந்தன.

செந்தூலில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு இருக்கிறது. சுவரில் வந்ததைப் பாட்டி 'பூசணம்' என்றார். பக்கத்து வீட்டு மக்சிக் 'குலாட்' என்றார். தமிழ்ப்பள்ளியில் நாங்கள் அதைப் 'பூஞ்சணம்' என்று படித்தோம். ரொட்டித் துண்டில் தண்ணீர் தெளித்து, நெகிழிப் பையில் போட்டுச் செய்த சோதனை உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். வகுப்பில் அது வேடிக்கையாக இருந்தது. படிவம் 4 படிக்கும் தம்பியின் தலைமாட்டில் அதையே பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

அம்மா ஒன்றும் பேசாமல் துணியை எடுத்து அந்த நேரத்திலேயே துடைக்க ஆரம்பித்தார். "நான்தான் வீட்டைச் சரியா பார்த்துக்கல" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்படியில்லை என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு வாரங்கள் ஆயின.

மூன்று கிண்ணங்கள், ஆயிரம் பயங்கள்

மறுநாள் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில் தேடினேன். கறுப்புப் பூஞ்சணம் நுரையீரலைத் தின்றுவிடும், மூளையைப் பாதிக்கும், வீட்டையே காலி செய்ய வேண்டும் என்றெல்லாம் வந்தது. பயத்தில், இணையக் கடையில் வீட்டுப் பூஞ்சணச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். உள்ளே மூடியுடன் சிறிய தட்டைக் கிண்ணங்கள். கிண்ணத்தில் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் கூழ். மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்து, பிறகு மூடி, ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்.

அறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று வைத்தேன். ஐந்தாம் நாள் மூன்றிலும் பச்சையும் வெள்ளையும் கறுப்புமாக வட்டங்கள் வளர்ந்திருந்தன. அன்றிரவு தம்பியைக் கூடத்தில் படுக்க வைத்தோம். அப்பா வேறு வாடகை வீடு தேடலாமா என்று கணக்குப் போடத் தொடங்கினார். அந்தக் கணக்கில் என் விடுதிச் செலவும் தம்பியின் டியூஷனும் அடிபட்டன.

நுண்ணுயிரியல் படிக்கும் என் தோழியிடம் படங்களைக் காட்டினேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "வீட்டுக்கு வெளியே ஒண்ணு வச்சியா?"

வைக்கவில்லை. அறிவியல் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டுப்பாட்டு மாதிரி வேண்டும் என்று பள்ளியில் எத்தனை முறை எழுதியிருப்போம்! பயம் வந்தபோது அது மறந்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றை வெளித் தாழ்வாரத்திலும் மற்றொன்றைப் பல்கலைக்கழக நூலகத்திலும் வைத்தோம். இரண்டிலும் வளர்ந்தது. மரங்களைப் பார்த்த தாழ்வாரத்துக் கிண்ணத்தில்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

காரணம் எளிது. பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. உணவும் ஈரமும் கொடுத்தால் அவை முளைக்கும். கிண்ணம் கொடுப்பதும் அதைத்தான். அதில் பூஞ்சணம் வளர்ந்தது என்பதால் வீட்டில் ஆபத்து என்றோ, வளரவில்லை என்பதால் வீடு பத்திரம் என்றோ சொல்லிவிட முடியாது.

அப்படியானால் சரியான அளவு எது? நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நடைமுறை விதியில், ஒரு கன மீட்டர் காற்றில் பூஞ்சணத்துக்கு 1,000 என்ற வரம்பு இருக்கிறது. அதாவது, அந்த அளவு காற்றிலிருந்து வளரும் பூஞ்சணக் கூட்டங்களின் எண்ணிக்கை. ஆனால் அந்த விதி அலுவலகம் போன்ற வேலையிடங்களுக்கு உரியது. அளப்பதற்கும் குறிப்பிட்ட அளவு காற்றை உறிஞ்சும் கருவி தேவை. உலகச் சுகாதார நிறுவனம் ஈரம், பூஞ்சணம் பற்றி 2009இல் வெளியிட்ட வழிகாட்டியோ, இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று ஓர் எண்ணைக் குறிக்க முடியாது என்கிறது. ஈரத்தைத் தடுங்கள், பூஞ்சணம் தெரிந்தால் அகற்றுங்கள் என்பதே அதன் அறிவுரை. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்துக்குப் பெரும்பாலும் சோதனையே தேவையில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமும் சொல்கிறது. சுவரிலேயே தெரிந்த ஒன்றை நான் காசு கொடுத்துச் சோதித்திருக்கிறேன்.

பயமும் அலட்சியமும்

இதைப் படித்துவிட்டு 'பூஞ்சணம் ஒன்றும் செய்யாது' என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1990களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சணம் காரணமாக இருக்கலாம் என்று முதலில் சொல்லப்பட்டது. 'நச்சுப் பூஞ்சணம்' என்ற அச்சம் பெரிதாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வுகளை மீண்டும் சரிபார்த்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்தத் திருத்தம் அச்சம் பரவிய அளவுக்குப் பரவவில்லை.

இன்னொன்று இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் நடந்தது. அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டில் பூஞ்சணம் இருப்பதாகப் பெற்றோர் முன்பே பலமுறை புகார் செய்திருந்தனர். அதன் மேல் சாயம் பூசிக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நீண்ட காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த சுவாசக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார். அவன் பெயரால் வந்த சட்டம் அங்குள்ள சமூகக் குடியிருப்புகளில் 2025 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. அவசர ஆபத்து என்றால் வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நம் நாட்டிலும் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, புதிய கட்டடமாக இருந்தும், 2004இல் பூஞ்சணம் பரவியதால் தற்காலிகமாக மூடப்பட்டது. வீட்டைச் சுத்தமாக வைக்காதவர்களுக்குத்தான் பூஞ்சணம் வரும் என்று நினைக்கும் அம்மாக்களுக்கு நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

மருத்துவர் கேட்ட கேள்வி

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடம் கிண்ணங்களின் படத்தை நீட்டினேன். அவர் அதை அதிகம் பார்க்கவில்லை. "வேற வீட்டுல தூங்கும்போது இருமல் எப்படி?" என்று தம்பியிடம் கேட்டார். தீபாவளிக்குக் கிள்ளானில் சித்தி வீட்டில் ஒரு வாரம் தங்கியபோது ஒரு நாளும் இரவில் எழவில்லை என்று அவன் சொன்னான். அடுத்து, எந்த மருந்தை எப்போது எடுக்கிறான் என்று கேட்டார். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. மூச்சிரைப்பு வரும்போது அடிக்கும் நீல இன்ஹேலரை மட்டும் பயன்படுத்தி, தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தைப் பல வாரங்களாக அவன் விட்டிருந்தான்.

பூஞ்சணம் எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்று மருத்துவர் விளக்கினார். பலருக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைந்தவர்களுக்குத்தான் பூஞ்சணமே உடலில் தொற்றும் அபாயம் அதிகம். ஆனால் கிள்ளானில் இருமல் குறைந்ததால் பூஞ்சணம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஈரமான அறையில் தூசிப் பூச்சிகளும் பெருகும், அவையும் ஆஸ்துமாவைத் தூண்டும். "மருந்தை ஒழுங்கா எடுக்கணும், சுவரையும் காய வைக்கணும், ரெண்டும் வேணும்" என்றார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தோழி சொன்னபடி, கிண்ணத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடினோம். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். குளிர்சாதனம் இல்லாத வீட்டில் அதை 50க்குக் கொண்டுவருவது நடவாத காரியம். ஆனால் பூஞ்சணம் வளர்வது நனைந்து காயாமல் இருக்கும் பரப்பில். ஏன் அந்த ஒரு மூலை மட்டும் காயவில்லை என்பதுதான் கேள்வி.

இதற்கான சோதனை சமையலறையிலேயே இருக்கிறது. அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரங்களையும் நாடாவால் சுவரில் இறுக்கமாக ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் ஈரமென்றால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. குளிர்சாதனம் போட்ட அறையை ஒட்டிய சுவர்களில் இப்படி வரும். சுவரைப் பார்த்த பக்கம் ஈரமென்றால், தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

எங்கள் தாளின் பின்பக்கம் நனைந்திருந்தது. அந்த மூலைக்கு நேர் மேலே மேல் வீட்டுக் குளியலறை.

மேல் வீட்டில் இருப்பவர் தனியாக வாழும் வயதான மக்சிக். அப்பாவுக்குப் போய்ச் சொல்லத் தயக்கம். பாட்டிதான் ஒரு தட்டு முறுக்கோடு படியேறினார். குளியலறைத் தரையில் விரிசல் இருப்பது அந்த மக்சிக்குக்கும் தெரியும். செலவை நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தார். நிர்வாக அலுவலகத்திலோ, 'அது இரண்டு வீட்டார் விவகாரம், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்' என்றார்கள்.

அப்படியில்லை என்பதை நான் சட்டத்தைத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் (சட்டம் 757) அதன் 2015 விதிமுறைகளும் மாடிகளுக்கிடையிலான நீர்க்கசிவைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. புகார் கிடைத்த 7 நாள்களுக்குள் நிர்வாகம் பார்வையிட வேண்டும். பார்வையிட்டு முடித்த 5 நாள்களுக்குள் பாரம் 28 என்ற சான்றிதழில் காரணத்தையும் பொறுப்பாளரையும் குறிப்பிட வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, பழுது மேல் வீட்டில் இருப்பதாகவே சட்டம் கருதும். வாய்மொழியாகச் சொல்லாமல், தேதி போட்ட கடிதத்தைப் படங்களுடன் கொடுத்தோம். ஆறாம் நாள் ஆள் வந்தார். பழுதுபார்க்கும் செலவைத் தவணையில் கட்ட மேல் வீட்டு மக்சிக்குக்கு ஏற்பாடானது. குளியலறைத் தரையில் நீர்க்காப்புப் பூச்சு இரண்டு நாளில் முடிந்தது.

வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டு உரிமையாளரிடம் எழுத்து மூலம் சொல்லுங்கள். குறுஞ்செய்தியாக இருந்தாலும் தேதியோடும் படத்தோடும் இருக்கட்டும்.

சுத்தம் செய்யும்போது

கசிவு நின்ற பிறகுதான் சுவரைத் தொட வேண்டும். முன்னமே சாயம் பூசினால் பூஞ்சணம் அதையும் துளைத்துக்கொண்டு வரும். ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்குக் குறைவென்றால் நாமே செய்யலாம். என்95 முகக்கவசம், கையுறை போட்டு, சன்னலைத் திறந்து வைத்து, சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து, நன்றாகக் காய வைத்தால் போதும். ஆஸ்துமா உள்ளவர் அந்த நேரத்தில் அறையில் இருக்கக்கூடாது. பிளீச்சைக் கழிவறை கழுவும் அமிலத்தோடோ அம்மோனியா கலந்த திரவத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும், அது பூஞ்சணத்தைவிட உடனடி ஆபத்து.

எங்கள் அறையில் இன்னொரு தவறும் இருந்தது. அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்குச் சன்னல் வேண்டும், 5 விழுக்காடாவது திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுக் கட்டட விதி. கட்டியவர் அப்படித்தான் கட்டியிருந்தார். நாங்கள்தான் பாதிச் சன்னலை அலமாரியால் மறைத்திருந்தோம். அதை நகர்த்தி, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே கையளவு இடைவெளி விட்டோம். மழைக்காலத்தில் அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தினோம்.

இப்போது நான்கு மாதங்கள் ஆகின்றன. அந்த மூலை காய்ந்திருக்கிறது. தம்பிக்கு இருமல் முழுவதும் நின்றுவிடவில்லை. மழை நாளில் எப்போதாவது வரும். ஆனால் தடுப்பு மருந்தைக் காலையும் இரவும் தவறாமல் எடுக்கிறான், இரவில் தூங்குகிறான். அப்பா வாடகை வீட்டுக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டார். அவனுக்கு அடுத்த ஆண்டு எஸ்.பி.எம்.

உங்கள் வீட்டிலும் சுவரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், கிண்ணம் வாங்கும் காசை மிச்சப்படுத்துங்கள். வீட்டில் இருமுகிறவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பிறகு ஓர் அலுமினியத் தாளை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்.