இடுப்புக்குக் கீழே ஒரு பை

கடையில் ‘லேடீஸ் டாப்’ என்று ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கும் உடைகள், அமெரிக்கச் சுங்கத்துறையின் கண்ணுக்கு நான்கு வெவ்வேறு சரக்குகள். ஒன்று டி-ஷர்ட், ஒன்று பிளவுஸ், ஒன்று ஸ்வெட்டர், இன்னொன்று இவை எதிலும் சேராத ‘மற்றவை’. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி வரி.

இந்த எண்களின் மூலப் பட்டியலை வைத்திருப்பது பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு. 1988 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் அதை ஏற்ற எல்லா நாடுகளுக்கும் பொது. திருப்பூர் ஏற்றுமதியாளர் பருத்தி டி-ஷர்ட்டுக்கு இன்வாய்சில் போடும் 610910, நியூயார்க்கிலும் அதே பொருளைத்தான் குறிக்கும். அதற்குமேல் இந்தியா இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்குகிறது; அமெரிக்கா நான்கு சேர்த்துப் பத்தாக்குகிறது.

எந்த எண் என்று முடிவுசெய்யச் சுங்க அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, துணி எப்படி உருவானது என்பது. நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியதென்றால் அத்தியாயம் 61. பாவும் ஊடுமாகத் தறியில் நெய்ததென்றால் 62.

அடுத்தது இழை. கலப்புத் துணியில் எந்த இழையின் எடை அதிகமோ, முழுத் துணியும் அதனாலேயே ஆனதாகக் கணக்கு. அறுபது சதவீதம் பருத்தி, மீதி பாலியெஸ்டர் என்றால் அமெரிக்காவில் டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீத வரி. விகிதத்தைத் திருப்பிப் போட்டால் 32 சதவீதம். பத்து டாலர் சட்டைக்கு வரி 1.65 டாலரிலிருந்து 3.20 டாலராகிவிடும். (இவை அடிப்படை விகிதங்கள், ஒப்பந்தச் சலுகைகளும் அவ்வப்போது வரும் கூடுதல் வரிகளும் தனி.) முழுக்க காஷ்மீர் கம்பளியில் பின்னிய ஸ்வெட்டருக்கோ 4 சதவீதம்தான். மலிவான பாலியெஸ்டர் வாங்குபவரிடம் எட்டு மடங்கு விகிதத்தில் வசூலிப்பது என்ன நியாயமோ!

உண்மையான நுணுக்கம் பிளவுஸில் இருக்கிறது. பெண்களுக்கான பின்னல் பிளவுஸின் தலைப்பு 6106. அதற்கு ஒரு குறிப்பு உண்டு: இடுப்புக்குக் கீழே பை இருந்தாலோ, அடிப்பகுதியில் ரிப் பட்டியோ இறுக்கும் நாடாவோ இருந்தாலோ அந்த உடை இங்கே சேராது. பின்னல் தளர்வாக இருந்தாலும் சேராது. அதற்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள். குறைந்தது பத்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள பகுதியில், குறுக்கிலும் நெடுக்கிலும் கண்ணிகளை எண்ண வேண்டும். சராசரி, சென்டிமீட்டருக்குப் பத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது பெரும்பாலும் ஸ்வெட்டர் வகையான 6110க்குப் போகும். பருத்தியானால் வரி 19.7 சதவீதத்திலிருந்து 16.5 ஆக இறங்கும். பட்டன் வைத்த மெல்லிய மேலாடை சட்டப்படி ஸ்வெட்டராவது இப்படித்தான்.

ஆணுடையதா பெண்ணுடையதா என்ற கேள்விக்கும் விடை உடையிலேயே இருக்கிறது. முன்பக்கத்தில் இடது மடிப்பு வலதின்மேல் வந்தால் ஆண்களுடையது. வலது இடதின்மேல் வந்தால் பெண்களுடையது. வெட்டு வேறுவிதமாகத் தெளிவாகக் காட்டினால் இந்த விதி விலகும். இரண்டில் எது என்று சொல்லவே முடியாத உடையைப் பெண்கள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

விதி தெரிந்தவர்கள் அதை வைத்தே உடையை வடிவமைக்கிறார்கள். நெய்த சட்டைகளுக்கும் ‘கீழ்ப் பை’ விதி பொருந்தும். அமெரிக்காவின் கொலம்பியா ஸ்போர்ட்ஸ்வேர் நிறுவனம் பெண்களுக்கான சில சட்டைகளில் இடுப்புக்குக் கீழே ஒரு சின்னப் பை தைத்தது. செயற்கை இழைச் சட்டைக்கு 26.9 சதவீதமாக இருந்த வரி அதனால் 16 ஆனது. இது ஏமாற்று வேலை அல்ல. பை நிஜமான பையாக இருக்கும்வரை சட்டம் ஒத்துக்கொள்கிறது.

சந்தேகமிருந்தால் இறக்குமதியாளர் சரக்கு வருமுன்பே சுங்கத்துறைக்கு எழுதிக் கேட்கலாம். அவர்கள் கழுத்து, கை, பட்டன், அடி மடிப்பு, இழை விகிதம் எல்லாவற்றையும் விவரித்துக் கட்டுப்படுத்தும் தீர்ப்பாகக் கடிதம் அனுப்புவார்கள். அது இணையத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கும். ஆனால் அது அந்த மாதிரிக்கு மட்டுமே செல்லும். அடுத்த சீசனில் அதே டி-ஷர்ட்டின் அடியில் ஒரு ரிப் பட்டி சேர்த்தால், பழைய கடிதத்தைக் காட்டி வாதிட முடியாது.