மரத்துக்கு ஒரு மங்கள வார்த்தை

சென்ற வாரம் தோலகட்டியில் இருந்தோம். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத்தாசர் சபை, அவர்களுடைய மௌனம், நோன்பு, நெல்லி ரசம் எல்லாம் பார்த்தோம். அங்கே செபத்துக்கென்று மதில் கட்டிய இடம் இருக்கிறது, மணி அடித்தால் எழுந்து போக ஆட்கள் இருக்கிறார்கள். மதிலும் மணியும் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க இந்த வாரம் ரம்புக்கனை.

கண்டி ரயில் மலையேறத் தொடங்குவது ரம்புக்கனை தாண்டித்தான். இங்கே இறங்குகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் பின்னவலை யானைகளைப் பார்க்கப் போகிறவர்கள். மறுபக்கம் றப்பர் மலைகள். கேகாலை மாவட்டத்துக்குச் சோறு போட்டதில் தேயிலையைவிட றப்பருக்குப் பங்கு அதிகம் என்பதை, மலையகம் என்றாலே கொழுந்துக்கூடையைப் படம் போடும் நம் பத்திரிகைகள் மறந்துவிடும்.

திருச்சபை வரலாற்றில் இந்தப் பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. 1893இல் காலி மறைமாவட்டம் உருவானபோது தென் மாகாணத்தோடு சப்ரகமுவையும் சேர்த்து இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் ஆயர் வான் றீத் பெல்ஜியத்துக்காரர். 1995இல் சப்ரகமுவை அதிலிருந்து பிரிந்து இரத்தினபுரி மறைமாவட்டமானது. 2007இல் அதன் ஆயரானவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி கிளீட்டஸ் சந்திரசிறி பெரேரா. இஞ்ஞாசியாரின் பிள்ளைகளும் ஆசீர்வாதப்பரின் பிள்ளையும் மேய்த்த மந்தை இது. தியானத்தில் இந்த இரண்டு பேரையும் மிஞ்சிய ஆசான்கள் மேற்கில் குறைவு. ஆனால் லயத்து வாசல்வரை வந்து சேர்ந்தது பெரும்பாலும் செபமாலையும், திருநாளும், எப்போதாவது ஒரு பூசையும்தான்.

இஞ்ஞாசியாரின் ஞானப்பயிற்சி நூலுக்குப் பாப்பரசரின் அங்கீகாரம் கிடைத்தது 1548இல். முழுப் பயிற்சி முப்பது நாள், ஊரைவிட்டு ஒதுங்கிச் செய்வது. நம் பழைய கத்தோலிக்கர் ஞான ஒடுக்கம் என்பார்கள். ஒதுங்க முடியாதவர்களுக்காக நூலின் முகப்பிலேயே 19ஆம் குறிப்பு இருக்கிறது: வேலையில் இருந்தபடியே, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம். இன்று உலகமெங்கும் ‘அன்றாட வாழ்வில் ஞான ஒடுக்கம்’ என்று நடப்பது இதன் பேரில்தான்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். அந்தக் குறிப்பு படித்தவர்களுக்கும் திறமைசாலிகளுக்கும் உரியது. எழுத்தறியாத எளியவர்களுக்கு அதற்கு முந்திய 18ஆம் குறிப்பு: ஆத்தும சோதனை, கட்டளைகள், சில செப முறைகள், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஐந்து பேரோடு படுத்து, விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓடுகிறவளிடம் ஒன்றரை மணி நேரம் கேட்பதும் நடக்காது. படிக்காதவள் என்று முதல் படியிலேயே உட்கார வைப்பதும் நியாயமில்லை.

ஆனால் அதே நூலின் பின்பகுதியில் மூன்றாம் செப முறை என்று ஒன்று இருக்கிறது. பரலோக மந்திரத்தையோ வேறொரு செபத்தையோ எடுத்துக்கொண்டு, ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவது. தனியறை வேண்டாம், புத்தகம் வேண்டாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பால்வெட்டுத்தான் ஞாபகம் வரும்.

பால்வெட்டு விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். ஒரு ஆளுக்கு இருநூறு, முந்நூறு மரம். முந்தைய வெட்டின் மேல் உலர்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, கத்தியை இடப்பக்கம் மேலே வைத்து வலப்பக்கம் கீழாகச் சரித்து இழுக்க வேண்டும். பட்டையில் சீவுவது ஒரு மில்லிமீற்றர் சொச்சம். பால் வழிந்து சிரட்டைக்கு வந்ததும் அடுத்த மரம். பேச ஆள் இல்லை. அவரவர் மலை அவரவருக்கு. ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு அக்காவிடம், வெட்டும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டேன். “என்னத்த நெனைக்கிறது தம்பி, மரத்துக்கு ஒரு மங்கள வார்த்தை சொல்லுவேன். சண்ட போட்ட அன்னிக்கு மட்டும் வாயில வராது. அந்த மனுசி மொகந்தான் வரும்” என்றார்.

செபம் தடைப்படும் இடத்தையும் தடுக்கும் முகத்தையும் இவர் கண்டுவிட்டார். இஞ்ஞாசியார் மதியமும் இரவும் செய்யச் சொன்ன ஆத்தும சோதனை தேடுவது இதைத்தான். அதற்கு மேல் போகத்தான் துணைக்கு ஆள் வேண்டும். ஏனென்றால் தன்னைத் தானே சோதிப்பதும் பால்வெட்டு மாதிரி: மேலாக வெட்டினால் பால் வராது, ஆழமாகப் போனால் உள்தோல் காயப்பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அங்கே கத்தி ஓடாது. இஞ்ஞாசியாரே 1522இல் மன்றேசாவில் ஆழமாக வெட்டிக்கொண்டவர்தான். ஒரே பாவங்களைத் திரும்பத் திரும்பக் கிளறி, உயிரை விட்டுவிடலாமா என்கிற எண்ணம்வரை போனார். ஞான வழிகாட்டிக்கு அவர் பிற்பாடு விதித்த கட்டுப்பாடு அந்த அனுபவத்தில் முளைத்தது என்றே நினைக்கிறேன். 15ஆம் குறிப்பில் அது இருக்கிறது: இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்காதே, தராசு முள்ளைப்போல நடுவில் நில், கடவுளும் அந்த ஆத்துமாவும் பேசிக்கொள்ளட்டும்.

தோட்டத்தில் அப்படி நிற்பவர் யார்? முன்பு உபதேசியார் இருந்தார். செபம் சொல்லிக்கொடுப்பதும், சாவீட்டில் முன்னுக்கு நிற்பதும், சண்டை தீர்ப்பதும் அவர் பொறுப்பு. தமிழில் உபதேசியாருக்கென்றே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார்; அவ்வளவு கனமான பதவி. ஆனால் உபதேசியார் புத்தி சொல்லப் பழகியவர். காது கொடுப்பது வேறு வேலை. கண்டியில் 1972இல் சத்தியோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் தோட்ட மக்களின் கூலிக்கும் குடியுரிமைக்கும் குரல் கொடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். மனம் திறக்க ஆள் இல்லாததும் அந்த மக்களுக்குள்ள குறைதான். அதற்குக் கொடி பிடித்தவர்கள் குறைவு.

பெண்களில் சிலரைப் பழக்கினால் என்ன என்று கேட்கலாம். அந்த அக்காவிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். “லயத்தில ஒரு காம்பராவில இருமினா அடுத்த காம்பராவில தண்ணி எடுத்து வைப்பாங்க தம்பி. அங்க யார்கிட்ட என்ன சொல்றது?” அவருக்கு வேண்டியது அடுத்த தோட்டத்துப் பெண், தன் தமிழில் கேட்பவள், கேட்டதை எடுத்துக்கொண்டு வேறு மலைக்குப் போய்விடுபவள். பால் நிறுத்துவிட்டு வரும் வழியில் அரை மணி நேரம் நடந்தால் போதும் என்கிறார். மழை நாளில் வெட்டு இல்லை, அன்றைக்கு இன்னும் வசதி. ஆனால் அன்றைக்குப் பேரும் இல்லை, அதாவது நாட்கூலி இல்லை, என்பதையும் அவரே சொன்னார்.