மவுண்ட் ரோடில் ரொக்கமும் தவணையும்

சென்னைப் பட்டணத்தின் நாகரிகக் கடைவீதி என்ற பட்டம் ஆதியில் மவுண்ட் ரோடுக்கு உரியதாக இருக்கவில்லை. முத்தியால்பேட்டையையும் பெத்தநாயக்கன்பேட்டையையும் பிரித்துக்கொண்டு வடக்கே செல்லும் பிராட்வேக்கே அந்தப் பெருமை இருந்தது. ஸ்டீபன் பாப்பம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தாழ்ந்து கிடந்த நிலத்தைச் சீர்படுத்தி அமைத்த வீதி அது. ஆனால் கோட்டையிலும் கடற்கரைக் கம்பெனிகளிலும் உத்தியோகம் பார்த்த துரைமார்கள், நெரிசலும் புழுக்கமும் மிகுந்த பட்டணத்தை விட்டு, நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை, அடையாறு என்று விஸ்தாரமான தோட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டு தெற்கே நகர்ந்துவிட்டபோது, வாங்குகிறவன் போன திசையில் விற்கிறவனும் போகத்தானே வேண்டும்? மாலையில் காரியாலயம் முடிந்து துரையின் கோச்சு வண்டி வீடு திரும்பும் பாதை எதுவோ, அதுவே பட்டணத்தின் புதிய கடைவீதி ஆயிற்று.

பாதை என்னவோ மிகப் பழையது. ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்கு யாத்திரை போகிறவர்களுக்கு அடையாற்று வெள்ளம் இடைஞ்சலாக இருப்பதைக் கண்டு, கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வர்த்தகர் தம் சொந்தப் பணத்தில் 1726-இல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டி வைத்தார். பக்திக்காகப் போடப்பட்ட பாதையில் பிற்பாடு பட்டுத் துணியும், பிஸ்கோத்தும், பியானோவும், வெள்ளிக் கெண்டியும் விற்பனையானதை அந்தப் புண்ணியவான் எப்படி ரசித்திருப்பாரோ தெரியவில்லை. அவரே வியாபாரி ஆகையால் ஒருவேளை ஆட்சேபித்திருக்க மாட்டார்.

இந்தச் சாலையில் எழுந்த கடைகளின் அமைப்பை ஒரு நிமிஷம் கவனிக்க வேண்டும். நம்முடைய கடைத்தெருக்களில் ஒரு கடையின் சுவர் அடுத்த கடையின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தெருவில் நடந்து போகிறவனைக் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி சாமான்கள் வாசலுக்கே வந்துவிடும். மவுண்ட் ரோடிலோ கட்டிடங்கள் சாலையை விட்டு உள்வாங்கி நின்றன. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே மரங்களும் மதில்களும் இருந்தன. முகப்பில் குதிரை வண்டி நேரே வந்து நிற்பதற்கான போர்ட்டிகோ இருந்தது. அதாவது, வண்டியில் வந்து இறங்குகிறவர்களை எண்ணிக் கட்டப்பட்டவை அவை. கால்நடையாக வருகிறவனை அவை எதிர்பார்க்கவே இல்லை. உள்ளே வரக்கூடாது என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. அந்தப் போர்ட்டிகோவே போதுமானதாக இருந்தது.

ஸ்பென்ஸர் கம்பெனி இவற்றில் சக்கரவர்த்தி ஸ்தானத்தை வகித்தது. 1860-களில் டுராண்ட் என்பவரும் ஸ்பென்ஸர் என்பவரும் ஆரம்பித்த சிறு வியாபாரம், யூஜீன் ஓக்ஷாட் என்ற சாமர்த்தியசாலியின் கைக்கு வந்து, 1895-இல் போக்ஸன் என்ற கட்டிடச் சிற்பி வகுத்த இந்தோ-சாரசனிக் பாணிக் கட்டிடத்தில் சிவந்த செங்கல்லும் கோபுரங்களுமாக வியாபித்தது. மளிகை, மது வகைகள், மருந்து, துப்பாக்கி, சோடா என்று அங்கே கிடைக்காத வஸ்து இல்லை. திண்டுக்கல்லில் சுருட்டு உற்பத்தி செய்ததும், ரயில்வே நிலையங்களில் சிற்றுண்டிச் சாலைகள் நடத்தியதும் அதே கம்பெனிதான்.

சற்றுத் தள்ளி, 1849-இல் கடிகார வியாபாரமாகத் தொடங்கிய பி. ஆர் அண்டு ஸன்ஸ், சிஸ்ஹோம் என்ற கட்டிடச் சிற்பி வகுத்த மாளிகையின் உச்சியில் தன் கடிகாரத்தை ஏற்றி வைத்து, வழிப்போக்கர்களுக்கு இலவசமாக நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஸ்தாபனத்தின் உண்மையான விசேஷம், ‘சுவாமி’ வேலைப்பாடு என்று சீமை வரை பிரசித்தி பெற்ற வெள்ளிச் சாமான்கள்தான். கோவில் கோபுரத்துச் சுதைகளிலும் மண்டபத் தூண்களிலும் காணும் தெய்வ உருவங்களை, நம் தட்டார்கள் தேநீர்க் கெண்டியின் வயிற்றிலும் பால் ஜாடியின் கழுத்திலும் புடைப்பாக அடித்துக் கொடுத்தார்கள். உற்சவமூர்த்தியின் கவசத்திற்குத் தகடு தட்டிப் பழகிய கை, அதே உளியைக்கொண்டு துரைசானியின் சர்க்கரைக் கிண்ணத்தில் கிருஷ்ணனையும் கோபியரையும் வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கிரீடத்தையும் சிலம்பையும் கடுகளவு புள்ளிகளால் காட்டியிருக்கும் நுணுக்கத்தைப் பார்க்கும்போது, பக்தி வேறு பிழைப்பு வேறு என்று அந்தத் தொழிலாளி நினைத்திருப்பானா என்ற சந்தேகம் நமக்கு வருகிறது.

புத்தகப் பிரியர்களுக்கு ஹிக்கின்பாதம்ஸ் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. 1844-இல் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய அந்தக் கடை, தேசத்தில் இன்று நடந்துவரும் புத்தகக் கடைகளிலேயே மிகப் புராதனமானது. புத்தகம் விற்றவர் பிற்காலத்தில் சென்னை ஷெரீப்பாகவும் ஆனார் என்பதை, இந்த வியாபாரத்தில் இறங்க நினைக்கிறவர்கள் உற்சாகத்திற்காக ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 1904-இல் எழுந்த வெள்ளைக் கட்டிடத்தின் உயரமான கூரையும் சலவைக்கல் தரையும் வெயிலில் அலைந்து வந்தவனைச் சற்று நிற்க வைக்கும் குணமுடையவை. வாங்காமல் புரட்டிப் பார்க்கிறவனுக்கும் அங்கே இடம் உண்டு என்பதால், மவுண்ட் ரோடின் துரைத்தனக் கடைகளுக்குள் நம்மவர்கள் கூச்சமின்றி முதலில் காலெடுத்து வைத்தது இங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு கம்பீரத்துக்கும் நடுவே, கடன் ஒன்று அஸ்திவாரமாக இருந்தது. வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் பையில் பணம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது வழக்கமில்லை. சாமானை எடுத்துக்கொண்டு ஒரு சீட்டில் கையெழுத்திட்டால் போதும், மாதக் கடைசியில் பில் வீடு தேடி வரும். கையெழுத்துக்கு மதிப்பு உள்ளவன் எவனோ அவனே கனவான். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவன் அந்த அளவில் ஒரு படி தாழ்ந்தவன். இந்தச் சம்பிரதாயத்தைத் தலைகீழாக்கிய கடைதான் ஒயிட்டவே லெயிட்லா. ரொக்கம் இல்லாமல் அங்கே ஒரு நாடாக்கூட நகராது. ‘ரைட் அவே அண்டு பெய்ட் ஃபார்’ என்று அதன் பெயரையே திரித்து ஆங்கிலேயர்கள் பரிகாசம் செய்தார்கள். பரிகாசம் செய்தவர்களில் பலர் அங்கே வாங்கிக்கொண்டும் இருந்தார்கள், ஏனென்றால் விலை சகாயம். பெரிய துரைமார் ஸ்பென்ஸருக்குப் போக, ரயில்வேயிலும் தந்தி இலாகாவிலும் சொற்பச் சம்பளம் வாங்கிய வெள்ளையரும் ஆங்கிலோ-இந்தியரும் நாடியது இந்த ரொக்கக் கடையைத்தான். மவுண்ட் ரோடில் நடந்த முதல் சமத்துவப் புரட்சி ஸ்பென்ஸரின் கோபுரத்தடியில் நடக்கவில்லை, ஒயிட்டவேயின் கல்லாப்பெட்டியில்தான் நடந்தது என்று சொன்னால், பழம்பெருமை பேசுகிறவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

வேறு விதமான புரட்சியும் இந்தச் சாலைக்கு வரத்தான் செய்தது. 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுஞ்செயல்கள் புரிந்த நீல் என்ற சேனாபதியின் சிலை ஸ்பென்ஸருக்கு அருகே நின்று, கடைக்கு வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அகற்றக் கோரி 1927-இல் சோமயாஜுலு என்ற தேசபக்தர் முதலியோர் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தார்கள். பத்து வருஷங்கள் கழித்து ராஜாஜியின் மந்திரிசபை அந்தச் சிலையைக் கிளப்பி மியூசியத்திற்கு அனுப்பிவைத்தது.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கடைகள் ஒவ்வொன்றாகக் கை மாறின. ஒயிட்டவே லெயிட்லா இருந்த மாளிகையில் சுதேசமித்திரன் பத்திரிகை குடியேறி, அதற்கு விக்டரி ஹவுஸ் என்று பெயர் வழங்கலாயிற்று. ஜி. சுப்பிரமணிய ஐயர் ஸ்தாபித்த, பாரதியார் உதவி ஆசிரியராக இருந்த பத்திரிகை, சீமைத் துணி விற்ற மாடியில் அச்சேறியது ஒரு விசித்திரம் என்றால், அதன் பின்பு நடந்தது அதைவிடப் பெரிய விசித்திரம். பத்திரிகைக்குப் பிறகு அந்தக் கட்டிடம் வி.ஜி. பன்னீர்தாஸ் சகோதரர்களிடம் வந்தது. தென்கோடியிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்த அவர்களுடைய வியாபாரத்தின் ஜீவநாடியே தவணை முறைதான். ரேடியோ, கைக்கடிகாரம், மின்விசிறி, குளிர்ப்பெட்டி எல்லாம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அடைக்கலாம் என்றதும், சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருந்த குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் படியேறி வந்தார்கள். கடன் கிடையவே கிடையாது என்று பிரசித்தி பெற்ற கட்டிடம் கடனுக்கே பிரசித்தி பெற்றது இப்படித்தான். ஸ்பென்ஸரில் துரைக்கு ஒரு கையெழுத்தில் கிடைத்த சலுகை, ஜாமீன்தாரர் கையெழுத்தும் தவணை அட்டையுமாக உருமாறிக் கடைசியில் நடுத்தரக் குடும்பத்துக்கும் வந்து சேர்ந்தது.

அப்பொழுது சாலையின் முகமும் மாறிவிட்டிருந்தது. 1959-இல் பதினான்கு மாடிகளோடு எல்.ஐ.சி. கட்டிடம் எழுந்தது, வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதை அண்ணாந்து பார்க்காமல் பட்டணம் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 1951-இல் புஹாரி ஓட்டல், 1961-இல் சாந்தி தியேட்டர், 1964-இல் ஒரே கட்டிடத்தில் மூன்று அரங்குகள் கொண்ட சஃபையர் என்று, பொருள் வாங்க வந்த சாலை பொழுது போக்க வருகிற சாலையாகியது. அண்ணாவின் மறைவுக்குப் பின் அண்ணா சாலை என்ற பெயரும் வந்தது. பழைய ஸ்பென்ஸர் மாளிகை 1980-களின் ஆரம்பத்தில் தீக்கிரையாகி, அந்த இடத்தில் ஸ்பென்ஸர் பிளாசா வந்தபோது, நடந்து வருகிறவனுக்கும் குளிர்சாதனத்தில் சும்மா சுற்றித் திரிகிற உரிமை கிடைத்தது. பெரிய மெட்ராஸ் கிளப் ஒரு காலத்தில் இருந்த எஸ்டேட்டில் 2010 முதல் எக்ஸ்பிரஸ் அவென்யூ என்ற வணிக வளாகம் நடக்கிறது. ஐரோப்பியரை மட்டுமே அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்ட அந்தக் கிளப்பின் நிலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரம்பூரும் வியாசர்பாடியும் குடும்பத்தோடு உலாவுகின்றன.

புடவைக்கும் நகைக்கும் மக்கள் வெகுகாலமாகத் தியாகராய நகரையே நம்புகிறார்கள். அந்தப் போட்டியில் மவுண்ட் ரோடு இறங்கியதே இல்லை என்று சொல்லலாம். இன்றைக்குக் காரியமாக எதையாவது வாங்க இந்தச் சாலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் கிளைகளுக்குள் நுழைந்துவிடுகிறார்கள்: மோட்டார் உதிரி சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ஒயரும் ஸ்பீக்கரும் கம்ப்யூட்டர் பாகங்களும் வேண்டுமென்றால் ரிச்சி தெரு. அங்கே போர்ட்டிகோவும் இல்லை, வண்டி நிறுத்த இடமும் இல்லை. கடைக்காரர் விலை சொல்வார். நாம் பாதியில் ஆரம்பிப்போம். அடுத்த கடையிலும் கேட்டுவிட்டு வருகிறோம் என்று இரண்டடி நகர்ந்தவுடன், “சார், வாங்க, கடைசியா சொல்லுங்க” என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்கும்.