எல்லை கடக்கும் ஓட்டுநர் உரிமம்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் குடும்பத்தோடு வடக்கு நோக்கிக் காரில் புறப்படுவோர் பலர். பினாங்கிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ காலையில் கிளம்பினால், புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்து மாலைக்குள் ஹாட்யாய் நகரை அடைந்துவிடலாம். சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலத்தைக் கடப்பதோ அன்றாட நிகழ்ச்சி. கடப்பிதழ், பணம், துணிமணி, வழியில் உண்ணக் கட்டுச்சோறு என ஒவ்வொன்றையும் நினைவாக எடுத்து வைப்பவர்கள், பையில் கிடக்கும் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. "எப்போதும் ஓட்டும் கார், எப்போதும் உள்ள லைசென்ஸ், இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்பதே பலரின் எண்ணம்.

ஆராய வேண்டியது உண்டு. ஓட்டுநர் உரிமம் ஒரு நாட்டின் சட்டத்தில் பிறப்பது. அந்நாட்டின் எல்லையோடு அச்சட்டத்தின் ஆட்சியும் முடிகிறது. எல்லைக்கு அப்பால் அந்த அட்டைக்கு மதிப்பு உண்டென்றால், அது மற்றொரு நாடு உடன்பாட்டின் மூலமோ தன் சட்டத்தின் மூலமோ மனமுவந்து அளிக்கும் மதிப்பே ஆகும். அம்மதிப்பு எதுவரை செல்லும் என்பதை அறியாதவன், விபத்து நேரும் நாளில்தான் அதை அறிகிறான்.

உடன்பாடுகளின் வரலாறு

மோட்டார் வண்டி தோன்றிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே இச்சிக்கலும் தோன்றிவிட்டது. ஐரோப்பாவில் ஒரு நாளைக்குள் இரண்டு மூன்று நாடுகளைக் கடக்க முடியும். ஒவ்வோர் எல்லையிலும் ஓட்டுநருக்குப் புதிதாகத் தேர்வு வைப்பது நடவாத செயல். ஆகவே 1909-இல் பாரிஸ் நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்பாடு செய்தன. வண்டிக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் வழங்கும் முறை அப்போது பிறந்தது. 1926-இல் அதே நகரில் செய்யப்பட்ட இரண்டாவது உடன்பாடு, வண்டிக்குரிய சான்றிதழையும் ஓட்டுநருக்குரிய அனுமதியையும் தனித்தனியாகப் பிரித்தது.

இன்று பெரிதும் வழக்கில் இருப்பவை இதற்குப் பின் வந்த இரண்டு. ஒன்று, 1949-ஆம் ஆண்டு ஜெனிவாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்பாடு. மற்றொன்று, 1968-ஆம் ஆண்டு வியன்னாவில் கையெழுத்தானது. ஜெனிவா உடன்பாட்டில் இலங்கை 1957-இலும், மலாயாக் கூட்டரசு 1958-இலும், இந்தியா 1962-இலும், சிங்கப்பூர் 1972-இலும் சேர்ந்தன. வியன்னா உடன்பாட்டை மட்டும் பின்பற்றும் நாடுகளும் உள; இரண்டிலும் சேராத நாடுகளும் உள. இவ்வேறுபாடே பயணிகளின் குழப்பத்திற்கு முதற்காரணம்.

அண்டை நாடுகளில் உள்ள சலுகை

தென்கிழக்காசிய மக்களுக்குத் தனிச் சலுகை ஒன்று உண்டு. 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் கோலாலம்பூரில், புருணை, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளும் ஒன்றன் உள்நாட்டு உரிமத்தை மற்றொன்று ஏற்பதாக உடன்பாடு செய்துகொண்டன. ஆசியானில் பின்னர் வந்து சேர்ந்த வியட்நாம், லாவோஸ், மியன்மார், கம்போடியா ஆகியவற்றுக்கும் அது விரிந்தது. மலேசியர் சிங்கப்பூரிலும், சிங்கப்பூரர் மலேசியாவிலும் தத்தம் உரிமத்தைக் காட்டியே ஓட்டுவது இதனால்தான்.

ஆனால் இச்சலுகை தற்காலிகமாக வந்து போவோருக்கே உரியது. மேலும், உரிமத்தை ஏற்பது வேறு, வயது வரம்பை விட்டுக்கொடுப்பது வேறு. மலேசியாவில் 17 வயதில் கார் ஓட்டும் உரிமம் பெறலாம். சிங்கப்பூரிலோ 18 வயது நிரம்ப வேண்டும். ஆகவே 17 வயது மாணவன் ஜொகூரில் சட்டப்படி ஓட்டிய அதே காரைப் பாலத்தின் மறுமுனையில் ஓட்டினால் குற்றவாளி ஆகிறான்.

சாலையின் பக்கமும் மாறும். மலேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவற்றில் வண்டிகள் இடப்புறம் செல்லும். வியட்நாம், லாவோஸ், கம்போடியா, மியன்மார், பிலிப்பீன்ஸ் ஆகியவற்றில் வலப்புறம் செல்லும். உரிமம் எல்லையைக் கடந்துவிடும்; கையின் பழக்கம் அத்தனை எளிதில் கடந்துவிடாது.

அனைத்துலக அனுமதி என்பது என்ன?

அனைத்துலக வாகனமோட்டும் அனுமதி என்பதைத் தனி உரிமம் என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. அது உள்நாட்டு உரிமத்தின் மொழிபெயர்ப்பு. சாம்பல் நிற அட்டையும் வெள்ளைத் தாள்களும் கொண்ட சிறு புத்தகம். ஓட்டுநர் எவ்வகை வண்டியை ஓட்டத் தகுதி பெற்றவர் என்பதை அது பல மொழிகளில் கூறும். ஜெனிவா அமைப்பில் உள்ள அனுமதியின் இறுதிப் பக்கங்கள் பிரெஞ்சு மொழியில் அமைந்திருக்கும். மூலம் இன்றி உரை தனித்து நிற்பதில்லை அல்லவா? அதுபோலவே உள்நாட்டு உரிமம் உடன் இல்லாவிடில் இவ்வனுமதியால் பயன் இல்லை. இரண்டையும் ஒருங்கே கொண்டு செல்ல வேண்டும்.

ஜெனிவா முறையில் வழங்கப்படும் அனுமதி ஓராண்டு செல்லும். வியன்னா முறையில் மூன்றாண்டு வரை செல்லலாம். உள்நாட்டு உரிமம் அதற்கு முன்னரே முடிந்தால் அனுமதியும் அன்றே முடிந்துவிடும்.

எந்த முறைப்படி வழங்கப்பட்டது என்பது வெறும் வடிவச் செய்தியன்று. ஜப்பான் ஜெனிவா முறை அனுமதியை மட்டுமே ஏற்கிறது. ஆதலால் மலேசியரும் சிங்கப்பூரரும் தம் அனுமதியோடு அங்கே வாடகைக் கார் எடுக்கலாம். வியன்னா உடன்பாட்டை மட்டும் சார்ந்த இந்தோனேசிய, வியட்நாமிய அனுமதிகளைக் கொண்டு எடுக்க முடியாது. சீனப் பெருநிலமோ இரண்டு உடன்பாட்டையும் சேராதது. அங்கே அனைத்துலக அனுமதி செல்லாது. அந்நாட்டின் தற்காலிக உரிமத்தைப் பெற்ற பின்னரே ஓட்ட இயலும்.

சிங்கப்பூரில் இவ்வனுமதியை வழங்குவது சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம். மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறை வழங்குகிறது. அரசோ, அரசு அதிகாரம் அளித்த சங்கமோ அல்லாத எவரும் இதனை வழங்க முடியாது. "பத்தாண்டு செல்லும் அனைத்துலக லைசென்ஸ்" என்று இணையத்தில் விற்கப்படும் அட்டைகள் பணத்தைப் பறிக்கும் வெறுந்தாள்களே.

வருகையாளரும் குடியிருப்பவரும்

சுற்றுலா வருபவருக்கு உள்ள சலுகை, தங்கி வாழ்பவருக்கு நெடுநாள் நீடிப்பதில்லை. பிரிட்டனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குச் செல்லும் மலேசியரும் சிங்கப்பூரரும் தம் உரிமத்தைக் கொண்டு 12 மாதங்கள் கார் ஓட்டலாம். அதன் பின் அங்கேயே குடியிருந்தால், சிங்கப்பூர் உரிமத்தைப் பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. மலேசிய உரிமத்திற்கு அவ்வழி இல்லை. மீண்டும் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்கள் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். சிங்கப்பூரிலும் அயல்நாட்டு உரிமம் உள்ளவர் 12 மாதங்களுக்கு மேல் ஓட்ட வேண்டுமாயின், அடிப்படைத் தேர்வில் தேறி உள்ளூர் உரிமத்திற்கு மாற வேண்டும்.

காப்புறுதி கைவிடும் இடம்

விடுமுறைத் தீவுகளில் வாடகை மோட்டார் சைக்கிள் எளிதாகக் கிடைக்கும். கார் உரிமம் மட்டும் உள்ளவருக்கும் கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிடுவார். கொடுப்பது வாணிகம், அது சட்டம் அளிக்கும் அனுமதி ஆகாது. உரிமத்தில் கார் வகை தனி, மோட்டார் சைக்கிள் வகை தனி. அனைத்துலக அனுமதியிலும் மோட்டார் சைக்கிளுக்கு "ஏ", காருக்கு "பி" என முத்திரைகள் வேறுபடும். தன்னியக்கக் கியர் வண்டிக்கு மட்டும் உரிய மலேசியாவின் "டி.ஏ." உரிமமும் சிங்கப்பூரின் "3ஏ" உரிமமும், கையால் கியர் மாற்றும் காருக்குப் போதா.

பயணக் காப்புறுதி ஒப்பந்தங்கள் பலவற்றில், ஓட்டும் வண்டிக்கு ஏற்ற செல்லுபடியாகும் உரிமம் இருத்தல் வேண்டும் என்ற விதி உண்டு. அவ்விதி மீறப்பட்டால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். எலும்பு முறிந்து அயல்நாட்டு மருத்துவமனையில் கிடப்பவர், மருத்துவச் செலவையும் எதிர்த் தரப்பினரின் இழப்பையும் தம் கைப்பொருளிலிருந்தே தர நேரிடும். ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே மாலையில் கரைய இஃதொன்றே போதும்.

பெயரில் ஒரு கவனம்

அனுமதிப் புத்தகம் குடும்பப் பெயரையும் மற்றப் பெயரையும் தனித்தனியே கேட்கிறது. தமிழர் வழக்கிலோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே உடன் வரும். கடப்பிதழில் ஒரு வரிசையும் அனுமதியில் வேறொரு வரிசையும் இருந்தால், இருவர் பெயரென அதிகாரி ஐயுற இடமுண்டு. ஆகவே மூன்று ஆவணங்களிலும் பெயரின் எழுத்தும் வரிசையும் ஒத்திருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சிலவே. செல்லும் நாடு எவ்வுரிமத்தை ஏற்கிறது என்று அந்நாட்டுத் தூதரகத்திலோ வாடகைக் கார் நிறுவனத்திலோ கேட்டறிதல். உரிமம் திரும்பி வரும் நாள்வரை செல்லுமா எனப் பார்த்தல். கைப்பேசியில் உள்ள மின்னுரிமத்தை எங்கும் ஏற்பார்கள் என நம்பாமல் அட்டையையும் எடுத்துச் செல்லுதல். காப்புறுதியின் விதிகளைப் படித்தல். இவற்றுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அயல்நாட்டான் ஒருவனின் உரிமத்தைப் பறித்து அழிக்க எந்த நாட்டுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் தன் சாலையில் அதனைப் பயன்படுத்தும் உரிமையை மறுக்க அதிகாரம் உண்டு. பிற நாட்டுச் சாலையில் ஓட்டுபவன் விருந்தினன். விருந்தினன் வீட்டாரின் வழக்கம் அறிந்து நடப்பதே அவனுக்கும் அவ்வீட்டாருக்கும் பாதுகாப்பு.