செத்த காலேஜில் ஒரு வகுப்பு

சென்னையின் பழைய ஆட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். சென்ட்ரல் அருகே அப்போது இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. 1851இல் எட்வர்டு பால்ஃபோர் என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கிய அருங்காட்சியகம், சில ஆண்டுகளில் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு இடம் மாறியது. அங்கே உயிரோடு வைத்திருந்த ஒன்றிரண்டு விலங்குகளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்பதைக் கவனித்த பால்ஃபோர், 1855இல் ஒரு விலங்குக் காட்சியையே ஏற்படுத்தினார். அது 1863இல் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985இல் வண்டலூருக்கும் போயிற்று.

உயிருள்ள புலி தானாகவே கூட்டம் சேர்த்துக்கொள்ளும். பாடம் செய்து கண்ணாடிக்குள் நிறுத்திய புலிக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் நின்றாக வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேரைச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். காலையில் வண்டலூர், மாலையில் மெரினா, நடுவில் நாற்பது நிமிடம் அருங்காட்சியகம். 'வரிசை கலையாதே, கண்ணாடியைத் தொடாதே, சீக்கிரம் நட' - அன்று உள்ளே நான் பேசியது இவ்வளவுதான். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். பாதிப் பேர் 'திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மிகப் பெரியது' என்று ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் கடற்கரையில் தின்ற சுண்டலைப் பற்றி எழுதியிருந்தார்கள். சுண்டல் கட்டுரைகள் நன்றாகவே இருந்தன. அதை அவர்கள் கையில் வாங்கி, ஊதி, ருசி பார்த்திருக்கிறார்களே!

அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போனேன். ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும் கையில். விலங்கியல் பிரிவில் இரண்டு மணி நேரம் நின்றபிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்: யானை எலும்புக்கூடு, திமிங்கில எலும்புக்கூடு, இந்த இரண்டு மட்டும் போதும். மற்றவற்றைப் பிள்ளைகள் விருப்பம்போல் பார்த்துக்கொள்ளட்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்த இரண்டும் பொக்கிஷம்.

இந்த முறை எட்டெட்டுப் பேராகப் பிரித்தோம். யானை எலும்புக்கூட்டின் முன் ஒவ்வொரு குழுவும் ஐந்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். கேள்வி ஒன்றுதான்: 'யானையிடம் இருக்க வேண்டிய எது இங்கே இல்லை?' முதலில் 'தோல்', 'கண்' என்றார்கள். வாசிக்கத் திணறுகிறவள் என்று நாங்கள் எல்லோரும் முத்திரை குத்தி வைத்திருந்த ஒரு மாணவி, மெதுவாக, "தும்பிக்கை எங்க டீச்சர்?" என்றாள்.

'யாரோ திருடிட்டாங்க' என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு திரும்ப மண்டையோட்டைப் பார்த்தார்கள். தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட உறுப்பு. முழுக்கத் தசை, எலும்பே கிடையாது. மண்டையோட்டின் நடுவே மேலாகத் தெரியும் பெரிய துளைதான் மூக்கு. அதை ஒற்றைக்கண் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அந்தப் பெண் விடவில்லை. "அப்ப எலும்பு மட்டும் கிடைச்சா, தும்பிக்கை இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

தொல்லுயிரியலின் அடிப்படைக் கேள்வி இதுதான். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. 'சேர்ந்து யோசிப்போம்' என்றேன். மூக்குத் துளை ஏன் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கழுத்து இவ்வளவு குட்டை, தந்தம் வேறு நீட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு எப்படித் தண்ணீர் குடித்திருக்கும்? தசைகள் ஒட்டியிருந்த தடங்கள் எலும்பில் தெரியுமா? அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. வாசிப்பில் முந்தி நிற்கும் பிள்ளைகள் அன்று அவள் பின்னால் நின்றார்கள்.

திமிங்கிலத்தின் முன் வேறு வேலை. வெளியே பார்த்தால் துடுப்பு, உள்ளே இருப்பது கை. மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, பிறகு விரல் எலும்புகள். பிள்ளைகள் தங்கள் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே எண்ணினார்கள். 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' என்ற சொல்லை நான் கடைசியில்தான் சொன்னேன். பொருளைப் பார்த்தபின் சொல் வந்தால் நிற்கிறது. சொல் முதலில் வந்தால் மனப்பாடம் ஆகிவிடுகிறது.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வாசல் வரை வந்து திரும்பும் பள்ளிப் பேருந்துகள் உண்டு. தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு முன்கூட்டியே தொடர்புகொண்டு, விளக்கிச் சொல்ல ஆள் கிடைப்பாரா என்று கேளுங்கள். கிடைத்தால், நீங்கள் நடத்தும் பாடம் எது என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் எல்லாக் கூடங்களையும் சுற்றிக் காட்டிவிடுவார், பிள்ளைகளின் கால்தான் வலிக்கும். அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள், படம் வரையச் சொல்லுங்கள். வரைகிறவர்கள் எண்ணாமல் இருக்க முடியாது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். நாம் கேட்டால்தான் நடத்துவார்கள்.

சென்னைதான் வர வேண்டும் என்பதில்லை. கோவையில் 1902இலிருந்து காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த மண்ணில் நின்றுகொண்டே அம்மோனைட்டுகளைப் பார்க்கலாம். மைசூர் சுற்றுலா செல்லும் நம் பேருந்துகள் அரண்மனை, மிருகக்காட்சிசாலை, பிருந்தாவனம் என்று போய்விடுகின்றன. காரஞ்சி ஏரிக்கரையில் 1995இலிருந்து உள்ள மண்டல இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இதன் தாய் நிறுவனம் 1978இல் புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பிள்ளைகள் பொருள்களைத் தொட்டுப் பார்த்துக் கற்பதற்கென்றே அங்கே ஓர் அறை வைத்திருந்தார்கள். 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் பிடித்த தீயில் அந்த அருங்காட்சியகமே எரிந்துபோனது. அந்த அறையைப் பற்றி யோசித்துத்தான் எங்கள் பள்ளியில் ஒரு 'தொட்டுப் பார்க்கும் பெட்டி' செய்தோம். கைவிடப்பட்ட தூக்கணாங்குருவிக் கூடு, குளவிக்கூடு, பாம்புச் சட்டை, கணவாய் ஓடு, ஆட்டுக்கால் எலும்பு, கோழி இறக்கையின் எலும்புகள். பவளம், கடற்குதிரை, சில வகைச் சங்குகள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவந்தாலும் பெட்டியில் சேர்க்காதீர்கள்.

கோழி இறக்கையை மனிதக் கையோடு எலும்பு எலும்பாக ஒப்பிட்டுக் காட்ட முடிகிறது. அதற்கு எலும்பை நன்றாக வேகவைத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, சோப்புத்தூள் கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் நான்கு நாள் காயவிட வேண்டும். அவசரப்பட்டுப் பெட்டியில் போட்டால் வாடை தலைமை ஆசிரியர் அறை வரைக்கும் போகும். எங்கள் முதல் பெட்டியை அப்படித்தான் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.