உங்களுக்குத் தெரியுமா? கோபால் ஏறிய கப்பல்

சிவாஜி கணேசன் தம் சொந்தத் தயாரிப்பில் கோபாலாக நடித்த ‘புதிய பறவை’ (1964), சிங்கப்பூரிலிருந்து தமிழகம் திரும்பும் கப்பலில் தொடங்குகிறது. பினாங்கில் ‘ரஜூலா’ ஏறி நாகப்பட்டினம் போய்வந்த பேராக் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கப்பல் பழக்கமானதுதான். என்ன, அவர்களில் பலர் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். கோபாலைப் போலச் சொகுசாக அல்ல.

இறந்துவிட்டாள் என்று கோபால் சொன்ன மனைவி வாசலில் வந்து நிற்கிறாள். ‘இவள் அவளில்லை’ என்று அவன் துடித்தாலும் யாரும் நம்புவதில்லை. மூலக்கதை பிரிட்டனுடையது: 1958இல் வந்த ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’. அதில் திரும்பி வருபவன் ஒரு பெண்ணின் இறந்துபோன சகோதரன். வங்காளத்தின் ‘சேஷ் அங்கா’ (1963) அவனை மனைவியாக மாற்றியது. தமிழ் அதைத் தொடர்ந்தது. முடிவு தெரிந்த பிறகு மறுபடி பாருங்கள். ரயிலைக் கண்டாலே கோபால் ஏன் நிலைகுலைகிறான் என்பது அப்போதுதான் உறைக்கும். பழைய படம் இன்னும் சலிக்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

இதற்குப் பத்தாண்டு முன்பே பாட்டே இல்லாமல் வந்தது எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). அதன் கொலை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த மறுநாள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த சயாம் ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்ததும் அதே மாதத்தில்தான்.

‘அந்த நாள்’ படத்தின் கொலையாளி யார்? சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காத பேரப்பிள்ளைகள் ஈப்போவில் இருப்பார்கள்.