துவிச்சக்கரவண்டியும் வானலையும்

காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குத் தொழிலின் நிமித்தம் துவிச்சக்கரவண்டியிற் புறப்படும் ஓர் இளைஞனை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை என வழி ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் நீளும். பேச்சுத்துணைக்கு எவருமில்லை. ஆயினும், அவனது வண்டியின் பின் கரியரிலே ஒரு முழக் கம்பி நிமிர்ந்து நிற்குமாயின், அவன் தனியனல்லன். வானலையிலே அவனுக்குத் தோழருண்டு.

அமெச்சூர் வானொலி என்பது இதுதான். வானொலியைக் கேட்பது வேறு. வானொலியிற் பேசுவது வேறு. ஊதியங் கருதாது, அறிவார்வம் ஒன்றே காரணமாக, அரசின் அநுமதி பெற்றுத் தாமே நிலையம் அமைத்துப் பிறரோடு உரையாடுவோரை உலகம் 'ஹாம்' என அழைக்கின்றது.

இக்கலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1923ஆம் ஆண்டிலே கொழும்புத் தந்திக் கந்தோரின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் என்பார், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒரு கருவியமைத்து, கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். வானொலிப் பிரியர்களைச் சேர்த்து ஒரு கழகமும் கண்டார். அம்முயற்சியின் பயனாகவே 1925 டிசெம்பரிற் கொழும்பு வானொலி பிறந்தது.

வண்டியையும் வானொலியையும் இணைத்துப் புகழ்பெற்றவர் அமெரிக்கரான ஸ்டீவன் ரொபேட்ஸ். 1983இற் பயணந் தொடங்கிய அவர், பின்னர் தம் வண்டியில் அமெச்சூர் வானொலியையும் கணினியையும் பொருத்தி, கைபிடியிலுள்ள பொத்தான்களை அழுத்தியே கட்டுரை எழுதினார். அவர் கடந்த தூரம் ஏறத்தாழ 17,000 மைல்.

நமக்கு அத்துணை ஆடம்பரம் வேண்டியதில்லை. 144 மெகாஹேட்சை ஒட்டிய அலைவரிசையில் அலையின் நீளம் இரண்டு மீற்றர். அதன் காற்பங்காகிய அரை மீற்றர்க் கம்பியே ஏரியலுக்குப் போதும். ஐந்து வாற்று வலுவுடைய கைக்கருவி சட்டைப் பையில் அடங்கும். வண்டி விளக்கின் டைனமோ மூன்று வாற்று மின்சாரமே தருமாதலால், பேசுவதற்குப் பற்றரி இன்றியமையாதது. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. திறந்த வெளியில் இரு வண்டியோட்டிகள் பத்துக் கிலோமீற்றர் வரை பேச இடமுண்டு. வெள்ளவத்தையின் மாடிக் கட்டடங்களிடையே அத்தூரம் பெரிதுங் குறுகிவிடும். காலிமுகத்திடலை அடைந்ததும் குரல் தெளிவடைவதன் இரகசியம் இதுவே.

'கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு?' எனப் பெற்றோர் வினவலாம். நியாயமான வினாவே. விடையை 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடலே எழுதிச் சென்றது. நம் நாட்டில் 30,000 பேருக்கு மேல் மாண்ட அப்பேரழிவிலே அம்பாந்தோட்டையின் தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போயின. கொழும்பிலிருந்து சென்ற அமெச்சூர் வானொலியாளர் சிலர் அங்கே நிலையம் அமைத்துத் தலைநகருக்குச் செய்தி அனுப்பினர். அதே வேளையில் அந்தமானின் போர்ட் பிளேயரிலே, வானொலிப் பயணமாகச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, தத்தளித்த குடும்பங்களின் செய்திகளை உறவினர்க்கு எட்டச் செய்தார். பொழுதுபோக்காகப் பயின்ற கலை உயிர்காக்குங் கலையாயிற்று.

வீதி பெயர்க்கப்பட்டு வாகனங்கள் நின்றுவிட்ட இடத்திலும் துவிச்சக்கரவண்டியை உருட்டியோ தூக்கியோ கொண்டு செல்லலாம். வண்டியும் வானொலியும் சேர்ந்தால், செய்தி நடந்தே போய்ச் சேரும்!

எனினும், மாணவ நேயர்களே, ஒன்றை மறவாதீர். போர் நிகழ்ந்த 1983 முதல் 2009 வரையிலான ஆண்டுகளில், கையில் வானலைக் கருவியுடன் இத்தெருக்களிற் செல்வதை நம்மவர் எண்ணவும் அஞ்சினர். அந்த அச்சத்தை நன்கறிந்த தாய் தந்தையர் இன்றுந் தயங்கினால் அது வியப்பன்று. அத்தயக்கத்தைத் தீர்ப்பது சட்டத்தின் வழி நிற்பதே. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையிற் சித்தியெய்தி, அநுமதிப்பத்திரமும் அழைப்புக் குறியும் பெற்ற பின்னரே பேசுதல் வேண்டும். வானலையில் மறைபொருள் இல்லை, யாருங் கேட்கலாம். வாணிபப் பேச்சுக்கும் அங்கே இடமில்லை.

வீதி ஒழுங்கும் அவ்வாறே. இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு காலி வீதியில் வண்டி ஓட்டுதல் பேதைமை. ஒரு காதுக்கு மட்டுங் கேட்பொறி. பேசவேண்டின் ஓரமாக நிறுத்திப் பேசுக. நண்பன் மறுமொழிக்குக் காத்திருப்பான். பின்னால் வரும் பஸ் வண்டி காத்திராது.

குரல் வானிற் பறக்கட்டும். கண் மட்டும் வீதியை விட்டு அகலாதிருக்கட்டும்.